பார்க்காத ஊரின் மஞ்சள்

2015-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமான மோமாவில், கறுப்பின ஓவியர் ஜேக்கப் லாரன்ஸின் ‘மைக்ரேஷன் சீரிஸ்’ ஓவியங்கள் 60-ம் ஒன்றாக மாட்டப்பட்டிருந்த மாதங்களில், அந்தக் கூடத்தில் எனக்குக் காவல் வேலை. ஊரில் செக்யூரிட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியாவது கிடைக்கும். இங்கே நின்றே தீர வேண்டும்.

ஒவ்வொன்றும் 12-க்கு 18 அங்குலப் பலகை. முதல் உலகப் போர்க் காலம் தொட்டு, அமெரிக்காவின் தெற்கிலிருந்து வடக்கே ரயிலேறிய கறுப்பின மக்களின் கதை. வருகிறவர்கள் முதலில் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் படத்தைப் பார்ப்பார்கள். என் மூலையிலிருந்து எழுத்து தெரியாது, வண்ணம் மட்டும்தான். இரண்டாவது வாரம்தான் உறைத்தது: ஒரு பலகையில் பார்த்த மஞ்சள், சில பலகைகள் தள்ளி, துளி சாயல் மாறாமல் மறுபடி வருகிறது. 49-ம் எண்ணில் அது உணவகத்தில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரிக்கும் தடுப்பு. வடக்கே வந்தும் விடவில்லை.

காரணத்தை, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்த வழிகாட்டி சொல்லக் கேட்டேன். 60-க்கும் முதலில் கோடு போட்டுவிட்டு, ஒரு வண்ணத்தை எடுத்தால் அது வேண்டிய எல்லாப் பலகைகளிலும் பூசிய பிறகுதான் அடுத்ததைத் தொடுவாராம். பலகைகளுக்கு வெள்ளைப் பூச்சு கொடுக்க உதவியவர், பின்னாளில் மனைவியான க்வென்டலின் நைட். 1942-ல் இரண்டு அருங்காட்சியகங்கள் இதைப் பங்கு போட்டுக்கொண்டன. இரட்டைப்படை எங்களுக்கு, ஒற்றைப்படை வாஷிங்டனில் உள்ள பிலிப்ஸுக்கு. பாகப்பிரிவினையில் பாத்திரம் பிரிப்பதுபோல.

அதே வழிகாட்டி போகிறபோக்கில் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. லாரன்ஸ் 1917-ல் அட்லாண்டிக் சிட்டியில் பிறந்தவர். இதை வரைந்து முடித்த 23 வயதில் அவர் தெற்கைப் பார்த்ததே இல்லை. பெற்றோரும், நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் அக்கம்பக்கத்தாரும் சொன்னதும், 135-வது தெரு நூலகத்தில் படித்ததும்தான் கையிருப்பு. உண்மையில் எனக்கு எரிச்சல் வந்தது. பார்க்காததை எப்படி ஒருவன் இவ்வளவு உறுதியாக வரையலாம்?

என் மகள் இங்கே, நியூயார்க்கின் குயின்ஸில் பிறந்தவள். அம்பாசமுத்திரத்து வீட்டை அவளுக்கு ஆச்சி போனில் சொல்லித்தான் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டை வரைந்தாள். கிணறு வாசலுக்கு இடப்பக்கம் இருந்தது. “வலப்பக்கம்மா, நான் தண்ணி இறைச்சிருக்கேன்” என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை, போன் போட்டுவிட்டாள்.

“புள்ள சரியாத்தான் போட்டுருக்கா,” என்றாள் அம்மா. “நீ எந்த வீட்டச் சொல்லுத?”