பழைய டெஸ்க்டாப்பை 4கே எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றிய விதம்

ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1060 கார்டு, ஒரு சாட்டா எஸ்எஸ்டி. 2018 வாக்கில் பலரும் பூட்டிய கணினி இப்படித்தான் இருக்கும். 1080பி அளவில், எச்.264 என்ற பழைய சுருக்க முறையில் உள்ள கோப்புகளுக்கு இது தாராளம். இன்றைய கேமராக்கள் பலவும் 4கே அளவில், நிற நுணுக்கம் கூடிய 10 பிட்டில், இன்னும் இறுக்கமாகச் சுருக்கும் எச்.265-ல் பதிவு செய்கின்றன. இரண்டு அடுக்கு வைத்து நிறத் திருத்தம் போட்டாலே டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. போர்டையும் கேபினட்டையும் மாற்றாமல் இந்தக் கணினியை மேம்படுத்திய வரிசை இது.

எதையும் வாங்கும் முன், காக்க வைப்பது எந்தப் பாகம் என்று பார்க்க வேண்டும். பெஞ்ச்மார்க் மென்பொருள் இதற்கு உதவாது. உண்மையான ப்ராஜெக்ட்டைத் திறந்து ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைக் கவனியுங்கள். மெமரியில் 'கமிட்டெட்' அளவு மொத்த ரேமைத் தாண்டினால் ரேம் போதவில்லை. டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் சேமிப்பகம்தான் தடை. ப்ராசஸர் முழுக்க ஏறியிருக்க, ஜிபியு பகுதியில் 'வீடியோ டீகோட்' கோடு அசையாமல் கிடந்தால், அந்தக் கோப்பின் சுருக்கத்தைக் கார்டால் பிரிக்க முடியவில்லை என்று பொருள்.

பணம் அதிகம் வீணாவது இந்தக் கடைசி விஷயத்தில்தான். எச்.265 கோப்பு நிறத் தகவல் குறைவாக உள்ள 4:2:0 வகையாக இருந்தால் பழைய ஜிடிஎக்ஸ் 1060 கூட அதைப் பிரித்துவிடும். நிறத் தகவல் கூடுதலாக உள்ள 4:2:2 ஆக இருந்தால், ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய எந்த என்விடியா கார்டாலும் ஹார்டுவேரில் பிரிக்க முடியாது. 30, 40 வரிசைகளில் எவ்வளவு விலையுயர்ந்த கார்டு போட்டாலும் சுமை ப்ராசஸர் தலையில்தான் விழும். இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை முதல், உள்ளமைந்த கிராபிக்ஸ் இருக்கும் டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் இதைப் பிரிக்கின்றன. ஆனால் அதற்குப் போர்டையே மாற்ற வேண்டும். எனவே 4:2:2 கோப்புகளுக்கு எடிட்டிங்குக்கு எளிதான டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி வடிவில் 1080பி ப்ராக்ஸி (எடிட் செய்ய மட்டும் பயன்படும் சிறிய நகல்) உருவாக்கி எடிட் செய்வது என்று முடிவானது. செலவே இல்லாத இந்த ஒரு மாற்றம் டைம்லைனைச் சரளமாக்கிவிட்டது.

மற்றபடி, எது தேவை என்பதை மென்பொருள்தான் தீர்மானிக்கும். வீடியோ எடிட்டிங் மென்பொருளான ரிசால்வும், 3டி மென்பொருளான பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரிங்கும் கிராபிக்ஸ் கார்டையும் அதன் நினைவகத்தையும் நம்பியவை. அசைவூட்டத்துக்கான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ரேமை விழுங்கும். அதற்கு 64 ஜிபி, வெறும் 4கே எடிட்டிங்குக்கு 32 ஜிபி. ஃபோட்டோஷாப்புக்குக் கோர்களின் எண்ணிக்கையை விட ஒற்றைக் கோரின் வேகம் முக்கியம். இந்தக் கணினிக்குத் தேர்ந்தவை: 8 கோர் ரைசன் 7 5700எக்ஸ், 16 ஜிபி ரேம் இரண்டு, 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060, 1 டிபி என்விஎம்இ (போர்டிலேயே செருகும் வேகமான எஸ்எஸ்டி), 650 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி). 5700எக்ஸ் பெட்டியில் கூலர் வராது. அதைத் தனியே வாங்க வேண்டும். வாங்கும் முன் கூலரின் உயரத்தையும் கார்டின் நீளத்தையும் கேபினட்டோடு ஒப்பிட்டு அளந்துகொள்ளுங்கள்.

முதல் வேலை பயாஸ், அதாவது போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள். பழைய ப்ராசஸர் இருக்கும்போதே அதைப் புதுப்பித்துவிட வேண்டும். 2018 பயாஸுக்கு 5000 வரிசையை அடையாளமே தெரியாது. முதலில் ப்ராசஸரை மாற்றினால் திரை கருப்பாகவே இருக்கும். போர்டு தயாரிப்பாளரின் ப்ராசஸர் பட்டியலில் எந்தப் பதிப்பு முதல் ஆதரவு என்று பார்த்து, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போட்டு, பயாஸுக்குள் இருந்தே ஏற்றுங்கள். சில போர்டுகள் இடைப்பட்ட பதிப்பு ஒன்றை முதலில் கேட்கும். போர்டின் ரிவிஷன் எண்ணும் பொருந்த வேண்டும். விண்டோஸின் டிரைவ் பூட்டான பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால் இதற்கு முன்பே அதை இடைநிறுத்தி, 48 இலக்க மீட்புச் சாவியைக் கணினிக்கு வெளியே எழுதி வையுங்கள். பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் ப்ராசஸருக்குள் இருப்பதால், ப்ராசஸர் மாறும்போது அந்தச் சாவி புதியதில் கிடைக்காது; மீட்புச் சாவி இல்லாவிட்டால் டிரைவில் உள்ளதைத் திறக்க முடியாமல் போகலாம்.

கூலரைக் கழற்றுவதில் அவசரம் கூடாது. ஏஎம்4 என்ற இந்தச் சாக்கெட் வகையில் பின்கள் ப்ராசஸரில் இருக்கின்றன. காய்ந்த தெர்மல் பேஸ்ட் பசைபோல ஒட்டி, கூலரை நேராக இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரையும் பிடுங்கிக்கொண்டு வரும். கணினியை 10, 15 நிமிடம் சுமையில் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் பிடி விடும். கேபினட்டைப் படுக்க வைத்தே இதைச் செய்யுங்கள். நான்கு திருகுகளையும் கழற்றியதும் பின்தகடு தொப்பென்று கீழே விழும். பல கூலர்களுக்கு அதே தகடுதான் மறுபடி வேண்டும்.

ரேமில் பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம். கலந்தால் வேகம் குறையும், அல்லது ரெண்டர் நடுவில் காரணமே தெரியாமல் நிற்கும். இரண்டு துண்டுகளையும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகுங்கள். பயாஸ் புதுப்பித்ததும் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) அணைந்திருக்கும். அதை இயக்காவிட்டால் 3200 ரேம் 2133 அல்லது 2666-ல்தான் ஓடும். வாங்கியவர் பல மாதம் கவனிக்காமலே இருப்பார்.

எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பழைய மாடுலர் (கழற்றி மாட்டக்கூடிய) கேபிள்களை அப்படியே விட்டுப் புதியதைச் செருகுவது ஆபத்து. செருகும் முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே கம்பி வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் மாடலுக்கு மாடல் வேறுபடும். 12 வோல்ட் தவறான கம்பியில் பாய்ந்து டிரைவுகள் எரிந்துவிடும். எல்லாக் கேபிள்களையும் மாற்றுங்கள்.

என்விஎம்இ செருகியதும் ஏதாவது ஒரு சாட்டா டிரைவ் காணாமல் போனால் பயப்பட வேண்டாம். பல போர்டுகளில் என்விஎம்இ செருகும் எம்.2 இடம் சில சாட்டா போர்ட்டுகளோடு பாதையைப் பகிர்கிறது. கையேட்டில் எவை என்று பார்த்து, கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும். பி450-ல் டிரைவுக்கான பாதை பிசிஐஇ 3.0 மட்டுமே, ஆகவே வினாடிக்குச் சுமார் 3500 எம்பிக்கு மேல் கிடைக்காது, 4.0 டிரைவுக்குக் கூடுதல் பணம் தர இங்கே காரணமில்லை.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பூட்டாமல், ஒவ்வொரு பாகத்துக்குப் பிறகும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். கோளாறு வந்தால் எதனால் என்று அப்போதுதான் தெரியும். ரேமுக்கு மெம்டெஸ்ட்86 என்ற சோதனை நான்கு சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு நீளமான டைம்லைன் ஒன்றை எக்ஸ்போர்ட் செய்து வெப்பத்தைக் கவனியுங்கள். 5700எக்ஸின் எல்லை 90 டிகிரி செல்சியஸ். அதைத் தொட்டு வேகம் இறங்கினால் கூலர் சரியாக அமரவில்லை. நீலத் திரை இல்லாமல் கணினி சட்டென்று அணைந்தால் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸையும் கார்டின் 8 பின் இணைப்பையும் பாருங்கள். நீலத் திரையோடு நின்றால் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு அதே எக்ஸ்போர்ட்டை மறுபடி ஓட்டுங்கள்.