வன்னிக்குப் பழைய கார் வாங்குமுன் குனிந்து பாருங்கள்

வீட்டில் நிற்கும் பழைய காரை எப்போது கைவிடுவது? எஞ்சின் களைத்துப்போனால் செய்விக்கலாம். கதவடித் தகரத்திலும் செஸி எனும் அடிச்சட்டத்திலும் ஸ்குரூட்ரைவர் முனை இறங்குமளவுக்குக் கறள் ஏறிவிட்டால், அதற்குமேல் அதில் காசு கொட்ட வேண்டாம். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரத்தில் ஓடியவற்றுக்கு உப்புக்காற்றால் இந்த நிலை வேளைக்கே வந்துவிடும். வாங்கப்போகும் காரையும் முதலில் இப்படித்தான் குனிந்து பாருங்கள்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025இல்தான் திரும்பத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஆகவே சந்தைக்கு வருவதில் பெயின்ற் அடித்து மினுக்கியவை நிறைய. "எத்தினை கிலோமீற்றர் ஓடியிருக்கு?" என்று கேட்டுப் பயனில்லை, மீற்றரைக் குறைக்கலாம். எங்கள் பக்கத்தில் பார்க்க வேண்டியவை வெள்ளமும் புழுதியும்.

2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் வெள்ளம் எவ்வளவு உயர்ந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மாரியில் தண்ணீருக்குள் நின்ற காரைக் கழுவி, சீற் உறை மாற்றி, வாசனை அடித்து விற்பார்கள். அதைக் கண்டுபிடிக்க சீற் பெல்ற்றை அது முடியும்வரை மெல்ல இழுங்கள். சுருளுக்குள் கிடக்கும் கடைசி முழத்தை யாரும் கழுவுவதில்லை. அங்கே மண்ணிறக் கறை இருந்தால், அல்லது விரலால் தேய்க்கும்போது பொடி உதிர்ந்தால், தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறியிருக்கிறது. பிறகு சீற்றைப் பூட்டிய போல்ற்றுகளின் கறளையும், மேலதிகச் சில்லு வைக்கும் பள்ளத்தில் மண் தங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். எஞ்சின் தப்பினாலும் வயர் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஆறு மாதம் கழித்து ஒருநாள் கண்ணாடி இறங்காது, இன்னொருநாள் ஸ்ரார்ட் எடுக்காது. விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

கிரவல் றோட்டில் ஓடினால் சில்லைச் சுழற்றும் அச்சு மூட்டின் றப்பர் உறை கிழியும். உள்ளே புழுதி போய் கிறீசோடு சேர்ந்து மூட்டை அரைத்துவிடும். ஸ்ரியறிங்கை முழுதாக ஒரு பக்கம் வெட்டி மெதுவாக நகர்த்துங்கள்: கட கட என்றால் அந்த மூட்டு போய்விட்டது. டொயோட்டா அக்வா போல பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் என்றால் பின்சீற்றின் பக்கத்தில் உள்ள காற்றுத்துளையைப் பாருங்கள். அது புழுதியால் அடைத்தால் பெரிய பற்றரி சூடேறி ஆயுள் குறையும். வவுனியா வெய்யிலில் இதைச் சின்ன விசயமாக நினைக்கக்கூடாது.

காலையில் போங்கள். பொனற்றைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் ஸ்ரார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினிலிருந்து நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ரேடியேற்றர் தண்ணீர் உள்ளே போகிறது. ஒயில் மூடியின் உள்பக்கம் பால்தேநீர் நிறத்தில் பசையாக இருந்தால், எஞ்சினின் மேல்பகுதியை அடைக்கும் ஹெட் கஸ்கெற்றை மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள். ஓட்டோ கியர் என்றால் பிறேக்கை மிதித்தபடி பின் கியருக்கும் முன் கியருக்கும் மாற்றுங்கள். தாமதித்து "தடக்" என்று இடித்தால் வேண்டாம்.

ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம் செய்தது. காந்தத்தைத் துணியில் சுற்றித் தகரத்தில் வையுங்கள். ஒட்டாத இடத்தில் நெளிவை மறைக்கப் பட்டி பூசியிருக்கிறது.

வாகனத்தின் பதிவுப் புத்தகம் இன்னும் முக்கியம். அதிலுள்ள எஞ்சின், செஸி இலக்கங்களை வாகனத்தில் பொறித்ததோடு நீங்களே ஒப்பிடுங்கள். லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருந்தால், கடன் முடித்த கடிதம் இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். எங்கள் ஊர்களில் புத்தகத்தில் உள்ள ஆள் வெளிநாட்டில் இருப்பார், அல்லது உயிரோடு இருக்கமாட்டார். கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுப் பெயர்மாற்றப் படிவம் நாலு கை மாறி வந்திருக்கும். அப்படியானதை எடுத்தால் பெயர் மாற்ற முடியாமல் அலைவீர்கள். விபத்து என்று வந்தால் இன்னும் சிக்கல்.

மொத்தக் காசில் பத்தில் ஒரு பங்கை முதல் சேர்விசுக்கு ஒதுக்குங்கள். டொயோட்டா கொரோலா 121இன் 1500 சிசி பெற்றோல் எஞ்சினுக்கு பில்ற்றரோடு ஏறத்தாழ 3.7 லீற்றர் ஒயில் பிடிக்கும். அதில் எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது ரைமிங் செயின். முந்தைய கொரோலா 110 மாதிரிக்கு அந்த வேலையைச் செய்வது பெல்ற்: எப்போது மாற்றியது என்பதற்குப் பில் இல்லையென்றால், ஏ9 வீதியால் கொழும்புக்கு இறங்குமுன் மாற்றிவிடுங்கள்.