லேபிளில் உள்ள இனப்பெயரை நம்பி பாக்டீரியா வாங்காதீர்கள்

லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை சி.எல்.ஏ.வாக (கான்ஜுகேட்டட் லினோலெயிக் அமிலம்; அதே அமிலம், இரட்டைப் பிணைப்புகளின் இடம் மட்டும் வேறு) மாற்றும் பாக்டீரியாவைத் தேடும் வேலை ஒருவழியாக முடிந்தது. பாக்டீரியா படுத்தியதைவிடக் காகிதமும் கருவியும் படுத்தியதுதான் அதிகம்.

முதல் தலைவலி பெயரில் வந்தது. 2020இல் லாக்டோபேசில்லஸ் பேரினத்தை 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். எங்கள் ஆர்டரில் இருந்தது லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம்; பில்லில் வந்தது லாக்டிபிளாண்டிபேசில்லஸ் பிளாண்டாரம். "ஆர்டர் பண்ணினது வேற, வந்திருக்கிறது வேற" என்று கொள்முதல் பிரிவு எழுத்தர் ஒரே பிடியாக நின்றார். பெயர்தான் மாறியிருக்கிறது, பாக்டீரியா அதேதான் என்று கடிதம் வாங்கிக் கொடுக்கும்வரை பார்சல் அவர் மேசையிலேயே கிடந்தது. உறையவைத்து உலர்த்திய ஆம்பூல் என்பதால் பிழைத்தது. ஆர்டரில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் எழுதுங்கள். அதைவிட முக்கியம், ஸ்ட்ரெய்ன் எண், அதாவது ஒரே இனத்துக்குள் எந்தத் தனி வகை என்று காட்டும் எண்.

எண் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பிளாண்டாரம் இந்த மாற்றத்தை ஒரே தாவலில் செய்வதில்லை. லினோலெயிக் அமிலத்தோடு முதலில் நீரைச் சேர்த்து 10-ஹைட்ராக்சி அமிலமாக்கும். பிறகு ஆக்சோ நிலைகள், அப்புறம்தான் சி.எல்.ஏ. இதற்குப் பல என்சைம்கள் சேர்ந்து வேலை செய்யவேண்டும். கியோட்டோ பல்கலைக்கழகக் குழு 2013இல் இந்தப் பாதையை முழுமையாகக் காட்டியது. ஒரு ஸ்ட்ரெய்ன் கடைசிவரை போகும், இன்னொன்று முதல் படியிலேயே உட்கார்ந்துவிடும். வேறொன்றுக்கு லினோலெயிக் அமிலமே விஷம். ஊற்றிய மறுநாள் தட்டில் ஒரு காலனி இல்லை. மூன்றுக்கும் லேபிளில் ஒரே இனப்பெயர்தான்.

அடுத்தது 233 நானோமீட்டர். சி.எல்.ஏ. அங்கே ஒளியை நன்றாக உறிஞ்சும் என்பதால் யு.வி. (புற ஊதா) ஒளியில் அளந்தே நல்ல ஸ்ட்ரெய்ன்களைத் தேர்ந்துவிடலாம் என்பது எங்கள் ஆய்வகத்தில் கைமாறி வந்த முறை. ஆனால் லினோலெயிக் அமிலம் காற்று பட்டுக் கெட்டுப்போனால் உருவாகும் ஹைட்ரோபெராக்சைடுகளும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் உறிஞ்சும். கைமாறி வந்த தாளில் பாக்டீரியா இல்லாத கன்ட்ரோலே கிடையாது! நான் ஒரு குடுவை அப்படி வைத்துப் பார்த்தேன். உயிரே இல்லாத அந்தக் குடுவை, "நல்ல ஸ்ட்ரெய்ன்" என்று பெயர் வாங்கியிருந்த இரண்டைவிட அதிகமாகக் காட்டியது. நைட்ரஜன் ஊதி மூடுங்கள், பழைய பாட்டிலைத் தொடாதீர்கள். இந்த மாற்றத்துக்கு ஆக்சிஜன் குறைவாக இருப்பதே நல்லது என்பதால் அதிலும் லாபம்தான்.

கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் ஜி.சி. (வாயு குரோமட்டோகிராஃபி) கட்டத்தில்தான் நிஜமாகவே கோபம் வந்தது. அதில் ஓட்டுவதற்கு முன் கொழுப்பு அமிலத்தை எஸ்டராக்குவார்கள்; கருவி மையத்தில் அதற்கு எல்லா மாதிரிக்கும் போரான் டிரைஃபுளூரைடு, மெத்தனால், சூடு. அமிலத்தில் சூடாக்கினால் சி.எல்.ஏ.வின் இரட்டைப் பிணைப்புகளின் சிஸ்-9, டிரான்ஸ்-11 அமைப்பு டிரான்ஸ், டிரான்ஸாகப் புரண்டுவிடும். எதை எந்த ஸ்ட்ரெய்ன் செய்தது என்ற வித்தியாசமே அங்கே அழிந்துவிட்டது. சொன்னால், "எல்லாருக்கும் இதுதான் முறை" என்ற பதில். சோடியம் மெத்தாக்சைடு மென்மையானதுதான், ஆனால் தனித்த கொழுப்பு அமிலத்தில் அது வேலை செய்யாது. கடைசியில் டிரைமெத்தில்சிலைல் டயசோமீத்தேனைக் கொண்டு நாங்களே எஸ்டராக்கிக் கொடுத்தோம். அது கடும் விஷம், ஃப்யூம் ஹூட் இல்லாமல் திறக்கவே கூடாது.

சந்தோஷமான விஷயமும் ஒன்று உண்டு. ஜி.சி. வரைபடத்தில் சி.எல்.ஏ. பீக்கே (முகடு) இல்லை என்று ஒதுக்கப்பட்ட ஒரு ஸ்ட்ரெய்னின் மாதிரியை, ஹைட்ராக்சி தொகுதியை மூடி ஜி.சி.யில் தெரியவைக்கும் சிலைலேஷன் செய்து மறுபடி ஓட்டச் சொல்லி மையத்தில் நச்சரித்தேன். ஹைட்ராக்சி அமிலம் குவிந்து கிடந்தது. சி.எல்.ஏ. பட்டியலில் பூஜ்யம் வாங்கிய அதுதான் அந்தப் பொருளுக்கு முதலிடம்.

இந்த பாக்டீரியாவை வளர்க்கும் எம்.ஆர்.எஸ். ஊடகத்தில் வளர்த்த செல்களை நன்றாகக் கழுவிவிடுங்கள். அதிலுள்ள ட்வீன் 80 ஒலியிக் அமிலத்தின் எஸ்டர். கழுவாவிட்டால் நீங்கள் சேர்க்காத ஒலியிக் பீக்குக்கு விளக்கம் தேடி அலைவீர்கள். மாதிரியை இடைவெளி விட்டு எடுங்கள். சில ஸ்ட்ரெய்ன்கள் சி.எல்.ஏ.வோடு நிற்காமல் அதன் இரட்டைப் பிணைப்புகளில் ஒன்றையும் ஹைட்ரஜனால் நிரப்பிவிடும். மாலையில் இருந்த பீக் காலையில் காணாமல் போகும். எல்லா ஸ்ட்ரெய்னையும் 24 மணி நேரத்தில் நிறுத்தி ஒப்பிட்ட எந்த அட்டவணையையும் இப்போது நான் நம்புவதில்லை.