பேச்சிப்பள்ளத்தில் காத்திருப்பது

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில், அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு படமெடுக்க விடியும்போதே சமணர் மலை ஏறுவேன். வெயில் ஏறினால் பாறை சுடும்.

மலைமேல் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்கள், கூடவே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால்தான் எழுத்தின் குழிவில் நிழல் தங்கும். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். அதனால் டிரைபாடை ஊன்றி, கேமரா லென்ஸின் துளையை எஃப் 11 அளவில் வைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பிடித்ததே இந்தச் சும்மா இருப்பதுதான். முதலில் அலுவலகப் பேச்செல்லாம் தலைக்குள் ஓடும். அப்புறம் அதுவாகவே ஓய்ந்துவிடும். எதிரே சிற்பமாகச் சமணத் துறவி பாகுபலி, தவத்தில் காலில் கொடி சுற்றியது தெரியாமல் நிற்கிறார். ஆயிரம் வருடப் பொறுமை! நமக்கு ஒரு மணி நேரம் வாய்த்தாலே பெரிது.

சில நாள் ஒரு படம்கூட எடுக்காமல் இறங்குவேன். ட்ரோனோடு யாராவது வந்தால், உடனே இறங்குவேன்.