டாலெக் குரலுக்கு ஒரு பெட்டி: நான்கு டயோடு, 30 ஹெர்ட்ஸ்

'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரில் உலோகக் கூட்டுக்குள்ளிருந்து பேசும் உருவம் டாலெக். அதைச் செய்ய இறங்குபவர்கள் பெரும்பாலும் உடலில்தான் கை வைப்பார்கள். கீழ்ப்பாகத்தில் வரிசையாகப் பதிக்க வேண்டிய அரைக்கோளங்கள் மட்டுமே 56. மாதக்கணக்கில் ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து நிறுத்திய பிறகு அதற்குள்ளிருந்து சாதாரண மனிதக் குரல் வந்தால் பார்ப்பவர் சிரித்துவிடுவார். குரல் சரியாக அமைந்தால் அட்டைப்பெட்டிக்குப் பின்னாலிருந்து பேசினாலும் டாலெக் வந்துவிடும். ஆகவே இந்தப் பதிவு முழுக்கக் குரல் பெட்டி பற்றித்தான்.

பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1963 டிசம்பர் 21 அன்று டாலெக்கின் கை மட்டும் தெரிந்தது. முழு உருவத்தைப் பார்க்க நேயர்கள் அடுத்த வாரம்வரை காத்திருந்தார்கள். கதை டெர்ரி நேஷன், உருவ வடிவமைப்பு ரேமண்ட் குசிக். குரல் கொடுத்தவர்கள் பீட்டர் ஹாக்கின்ஸும் டேவிட் கிரஹாமும். அந்தக் குரலை இயந்திரக் குரலாக மாற்றியது பிபிசியின் ஒலி விளைவுப் பிரிவான ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பில் இருந்த பிரையன் ஹாட்ஜ்சன். கதைப்படி பார்த்தால் டாலெக் ரோபோவே இல்லை. உள்ளே உயிருள்ள ஜந்து, வெளியே அதைச் சுமக்கும் உலோகக் கூடு. ஆனாலும் மறக்க முடியாத ரோபோக்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் டாலெக் அதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு அந்தக் குரலைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

1968-இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தின் கணினி ஹால் 9000-க்கு டக்ளஸ் ரெயின் நிதானமாகப் பேசியதே போதுமானதாக இருந்தது. குரலைச் சிதைக்கும் எந்த மின்னணுச் சுற்றும் தேவைப்படவில்லை. 1977-இன் 'ஸ்டார் வார்ஸ்' ரோபோ ஆர்2-டி2-வுக்கு பென் பர்ட் தன் குரலையும் ஏஆர்பி 2600 சிந்தசைசரையும் கலந்து, சொற்களே இல்லாத ஒரு மொழியை உருவாக்கினார். டாலெக் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாதி வேலை சுற்றில், பாதி தொண்டையில். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் கீழே வரும் சில முடிவுகள் புரியும்.

ரிங் மாடுலேட்டர் என்ன செய்கிறது

டாலெக் குரலை உண்டாக்கும் சுற்றின் பெயர்தான் ரிங் மாடுலேட்டர். அது குரலை 30 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 30 அதிர்வு) சைன் அலையால் பெருக்குகிறது, அவ்வளவுதான். பெருக்கும்போது உள்ளே போன அதிர்வெண் மறைந்து, அதற்கு 30 மேலே ஒன்றும் 30 கீழே ஒன்றுமாக இரண்டு வெளியே வரும். 200 போனால் 170-ம் 230-ம் வரும். மனிதக் குரலில் 100, 200, 300 என்று மடங்குகள் ஒழுங்காக அடுக்கியிருப்பதால்தான் அது இனிமையாகக் கேட்கிறது. பெருக்கிய பிறகு 70, 130, 170, 230, 270, 330 என்று அந்த அடுக்கு கலைந்துவிடுகிறது. உலோகத்தன்மை வருவது அதனால்தான். கூடவே, சைன் அலை ஒவ்வொரு அதிர்விலும் இரண்டு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் குரல் வினாடிக்கு 60 முறை அறுபடுகிறது. காதில் விழும் கரகரப்பு இந்த அறுபடல்தான்.

சாலிடரிங் அயர்னைச் சூடாக்கும் முன் கணினியில் ஒரு முறை கேட்டுப் பார்ப்பது நல்லது. ஒலித் தொகுப்பு மென்பொருளில் பேசிப் பதிவு செய்து 30 ஹெர்ட்ஸ் சைனால் பெருக்கினால் குரல் வந்துவிடும். ஆனால் அது சுத்தமாக, கொஞ்சம் தண்ணீர் கலந்த பால் மாதிரி இருக்கும். பெட்டியில் இதே பெருக்கலைச் செய்வது நான்கு டயோடுகள் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுபவை) சேர்ந்த வளையம். அதில் அலை பூஜ்யத்தை நெருங்கும்போது டயோடுகள் திறக்காமல் ஒரு கணம் தயங்குகின்றன. அதனால் 30-உடன் 90, 150 என்று ஒற்றைப்படை மடங்குகளும் சேர்ந்து குரலைப் பெருக்குகின்றன. அந்த முரட்டுத்தனம் வேண்டும் என்பதால்தான் டயோடு.

வளையம்

சென்டர் டேப் (சுருளின் நடுவிலிருந்து வரும் இணைப்பு) உள்ள 600 ஓம்–600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு, ஜெர்மேனியம் டயோடு நான்கு. டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காதவர்கள் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவிலிருந்து ஒரே மாதிரி டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டைக் கழற்றலாம். சென்டர் டேப் உள்ள பக்கம் இரண்டிலும் வளையத்தைப் பார்த்து இருக்க வேண்டும்.

டயோடு 1என்34ஏ. ஓஏ79-ம் சரிப்படும். சாதாரண சிலிக்கான் 1என்4148 போட்டாலும் வேலை செய்யும், ஆனால் அது திறக்க 0.6 வோல்ட் வேண்டும். ஜெர்மேனியத்துக்கு 0.3 போதும். சிலிக்கானில் அந்தத் தயக்கம் நீண்டு, மெல்லப் பேசும் சொற்கள் விழுங்கப்படுகின்றன.

நான்கும் ஒத்த டயோடுகளாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையில் பொறுமை கேட்கும் இடம். இருபது டயோடுகளை மல்டிமீட்டரின் டயோடு மோடில் அளந்து, 5 மில்லிவோல்ட்டுக்குள் வரும் நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரலால் பிடித்து அளந்தால் கணக்கு தப்பும். உடல் சூட்டில் ஒரு டிகிரி ஏறினாலே சுமார் 2 மில்லிவோல்ட் இறங்குகிறது. கையில் எடுத்தவுடன் ஒரு எண், பத்து வினாடி கழித்து இன்னொரு எண். டயோடுகளை ஒரு தாளில் பரப்பி அரை மணி நேரம் விட்டுவிட்டு, கம்பியை மட்டும் முதலைக் கிளிப்பில் பிடித்து அளந்தபோதுதான் எண்கள் நிலைத்து நின்றன.

இணைப்பில் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. நான்கு டயோடு சதுரமாக நிற்பதைப் பார்த்தவுடன் கை பழக்கத்தில் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் போட்டுவிடும். இது பிரிட்ஜ் அல்ல. பிரிட்ஜில் ஒரு மூலையில் இரண்டு கேதோடுகள் (டயோடின் கோடு போட்ட முனை; மறுமுனை ஆனோடு) சந்திக்கும். இங்கே ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொண்டு நான்கும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு ஆனோடு, ஒரு கேதோடு. முதல் டிரான்ஸ்ஃபார்மரின் இரு முனைகளும் எதிரெதிர் மூலைகளுக்கு, இரண்டாவதன் முனைகள் மீதி இரண்டு மூலைகளுக்கு. 30 ஹெர்ட்ஸ் இரண்டு சென்டர் டேப்புகளுக்கும் நடுவே. அலை மேலே ஏறும்போது இரண்டு டயோடுகள் திறந்து குரலை நேராக அனுப்பும். கீழே இறங்கும்போது மற்ற இரண்டும் திறந்து குரலைத் தலைகீழாக அனுப்பும். பெருக்கல் என்று சொன்னதெல்லாம் இந்தப் புரட்டல்தான்.

இத்தனை சிறிய டிரான்ஸ்ஃபார்மர் 30 ஹெர்ட்ஸைத் தாங்குமா என்ற சந்தேகம் நியாயமானது. தாங்க வேண்டிய அவசியமே இல்லை. சென்டர் டேப்பில் நுழையும் மின்னோட்டம் சுருளின் இரு பாதிகளிலும் எதிரெதிராகப் பாய்ந்து ரத்தாகிவிடுகிறது. கோர் அதை உணர்வதில்லை.

சாலிடர் செய்யும்போது டயோடின் உடலுக்கும் நுனிக்கும் நடுவில் முதலைக் கிளிப்பைக் கடிக்க விடவும். மூன்று வினாடிக்கு மேல் அயர்ன் வேண்டாம். ஜெர்மேனியம் சூட்டில் கெட்டால் முழுதாகச் சாகாது. லீக் ஆக ஆரம்பிக்கும், அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

30 ஹெர்ட்ஸ் எங்கிருந்து

டிஎல்072 என்ற இரட்டை ஆப்-ஆம்ப் சிப்பின் ஒரு பாதியில், சைன் அலையை உருவாக்கும் வீன் பிரிட்ஜ் ஆசிலேட்டர். கெப்பாசிட்டர் இரண்டும் 0.1 மைக்ரோஃபாரட், ரெசிஸ்டர் இரண்டும் 53 கே (கிலோ ஓம்) என்றால் சரியாக 30 வரும். 53 கே கடையில் கிடைக்காது. 47 கே-யுடன் 10 கே இரட்டை கேங் பாட் (ஒரே தண்டில் திரும்பும் இரண்டு மாற்று ரெசிஸ்டர்) தொடராகப் போட்டால் 28-லிருந்து 34 வரை திருகிக்கொள்ளலாம். கெப்பாசிட்டர் செராமிக் டிஸ்க் வேண்டாம், பாலியெஸ்டர் போடவும். டிஸ்க் போட்ட பலகையில் அறை சூடு மாறும்போதெல்லாம் அதிர்வெண் நகர்ந்தது.

ஆசிலேட்டரின் கெயின் 3-க்குக் கீழே போனால் அலை செத்துவிடும், அதிகம் ஏறினால் சதுர அலையாகிவிடும். கிரவுண்டுக்கு 10 கே, ஃபீட்பேக்கில் 10 கே-யும் அதோடு தொடராக 12 கே-யும். அந்த 12 கே-க்குக் குறுக்கே எதிரெதிராக இரண்டு 1என்4148. இதில் உச்சம் ஏறக்குறைய 1.4 வோல்ட்டில் நின்றது. டிஎல்072-இன் அடுத்த பாதி பஃபர். அதிலிருந்து 470 ஓம் வழியாக சென்டர் டேப்புக்கு.

குரல் பக்கம் இன்னொரு டிஎல்072. ஒரு பாதி மைக் ப்ரீஆம்ப் (1 கே, 100 கே), மறுபாதி டிரான்ஸ்ஃபார்மரை ஓட்ட. வளையத்துக்குள் போகும் குரலின் உச்சம் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. டயோடைத் திறப்பதும் மூடுவதும் 30 ஹெர்ட்ஸின் வேலை. குரல் பலமானால் அதுவே டயோடைத் திறக்க ஆரம்பித்துவிடும், அப்போது கேட்பது உடைந்த ஒலிபெருக்கிதான். இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மரின் வெளியே 680 ஓம் லோடு, அங்கிருந்து 10 கே வால்யூம் வழியாக எல்எம்386 ஆம்ப்ளிஃபையர் சிப், பிறகு 8 ஓம் ஸ்பீக்கர். நான்கு அங்குலத்துக்கு மேல் தேவையில்லை.

முதல் ஒலி, முதல் பிழை

மைக்கில் யாரும் பேசாதபோதே ஸ்பீக்கர் தடதடத்தது. 30 ஹெர்ட்ஸ் வளையத்தைத் தாண்டிக் கசிகிறது என்று பொருள். டயோடுகள் ஒத்திருந்தும் கசிந்தால் குற்றம் சுருளில்: சென்டர் டேப்பின் இரு பாதிகளும் சமமாக இல்லை. பாதிகள் தனித்தனிக் கம்பிகளாக வெளியே வரும் டிரான்ஸ்ஃபார்மரில் நடுவே 100 ஓம் பிரீசெட் (திருகி மாற்றும் சிறு ரெசிஸ்டர்) வைத்து, அதன் நடுக்காலையே சென்டர் டேப்பாக்கலாம். திருகிக்கொண்டே போனால் ஓரிடத்தில் தடதடப்பு சட்டென்று அடங்கும்.

அடுத்து 440 ஹெர்ட்ஸ் சோதனை. ஃபோனில் டோன் ஜெனரேட்டரை ஓடவிட்டு, இன்னொரு ஃபோனில் ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண் எவ்வளவு பலம் என்ற வரைபடம்) பார்க்கவும். 410-இலும் 470-இலும் இரண்டு சிகரங்கள் நிற்க வேண்டும், நடுவில் 440 பள்ளமாக இருக்க வேண்டும். முதல் சோதனையில் 440-ம் அசையாமல் நின்றது. ஆசிலேட்டரின் வெளியே சில மில்லிவோல்ட் டிசி ஒட்டிக்கொண்டிருந்ததே காரணம். 220 மைக்ரோஃபாரட் இரண்டை நெகட்டிவோடு நெகட்டிவ் சேர்த்து 470 ஓமுக்கு முன்னால் வைத்ததும் நடு சிகரம் இறங்கியது. பத்து மைக்ரோஃபாரட் போட்டுப் பார்த்தால் 30 ஹெர்ட்ஸும் சேர்ந்து இளைத்துவிடுகிறது.

கரண்ட் ஹம் வந்தால் இந்தச் சுற்றே துப்பு சொல்லும். வளையத்துக்கு முன்னால் நுழைந்த 50 ஹெர்ட்ஸ், 20-ஆகவும் 80-ஆகவும் மாறி வெளியே வரும். பின்னால் நுழைந்தது 50-ஆகவே வரும். ஸ்பெக்ட்ரத்தில் 80 தெரிந்தால் மைக் கேபிளின் ஷீல்டைப் பார்க்கவும், 50 தெரிந்தால் எல்எம்386 பக்கம் போகவும்.

புடு புடு என்று படகு மோட்டார் சத்தம் வந்தால் அது வேறு நோய். எல்எம்386 இழுக்கும் மின்சாரத்தில் பாட்டரி தொய்ந்து ப்ரீஆம்ப்பையும் ஆட்டுகிறது. டிஎல்072-களுக்கு 9 வோல்ட் பாட்டரி இரண்டு, எல்எம்386-க்குத் தனியாக 18650 செல் இரண்டு என்று பிரித்தவுடன் நின்றது.

தலை விளக்குகள்

பேசும்போது மின்னும் விளக்கு இல்லாவிட்டால் எந்த டாலெக் பேசுகிறது என்றே தெரியாது. தொடக்கக் காலத்தில் உள்ளே உட்கார்ந்து ஓட்டியவர்கள் வசனத்தை மனப்பாடம் செய்து, வெளியே வேறொருவர் பேசும் குரலுக்கு ஏற்பக் கையாலேயே விளக்கை அமுக்கினார்கள். இங்கே 1என்4148, 1 மைக்ரோஃபாரட், 47 கே, ஒரு கம்பேரட்டர் (இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் சிப்), ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் அதைச் செய்கின்றன. சிக்னலை வளையத்துக்கு முன்னால் எடுக்க வேண்டும். பின்னால் எடுத்தால் 60 முறை அறுபடும் குரலுக்கு விளக்கும் நடுங்கும். எல்இடி பட்டென்று அணைவது கண்ணுக்கு உறுத்துகிறது, இழை பல்பின் மெல்லிய அணைவு அதில் இல்லை. 6 வோல்ட் இழை பல்பே போட்டுவிடலாம்.

தொண்டை

பெட்டி சரியாக வேலை செய்தும் டாலெக் வராமல் போகலாம். சாதாரணமாகப் பேசினால் கிணற்றுக்குள் பேசுகிற மனிதர்தான் வருவார். சுருதியை ஒரே கட்டையில் நிறுத்தி, அசை அசையாக வெட்டி, உயிரெழுத்தை இழுத்து, கோபம் ஏற ஏறக் கட்டையைப் படிபோல உயர்த்த வேண்டும். 2005 முதல் குரல் கொடுக்கும் நிக்கலஸ் பிரிக்ஸ் ரிங் மாடுலேட்டரைக் கையோடு வைத்துக்கொண்டு பேசுகிறவர். அவர் பேசுவதைக் கவனித்தால் சுற்றுக்கு முன்பே பாதி டாலெக் வாயிலேயே தயாராவது தெரியும்.

தமிழில் பேசிப் பார்த்ததில் எழுத்துக்கு எழுத்து வித்தியாசம் வந்தது. க, ட, ப போன்ற வல்லின வெடிப்பு சில மில்லிவினாடிதான் நீடிக்கும். குரல் அறுபடும் பள்ளத்தில் அது விழுந்தால் காணாமல் போகிறது. 'கட்டளை' சில சமயம் 'அட்டளை'யாகக் கேட்டது. மாற்றாத குரலை 10 முதல் 15 சதவீதம் கலந்தால் எழுத்துகள் திரும்பி வருகின்றன, அதற்கு மேல் கலந்தால் மனிதர் எட்டிப் பார்க்கிறார். நாக்கை உருட்டிச் சொல்லும் றகரம் தானாகவே வினாடிக்கு 25 முதல் 30 முறை அதிர்கிறது. அது சுற்றின் 30-உடன் மோதி மெதுவாக ஏறி இறங்கும் ஓர் உறுமலைக் கொடுக்கிறது. டாலெக் ஆங்கிலத்தில் இழுத்துக் கத்தும் 'எக்ஸ்டெர்மினேட்' என்ற புகழ்பெற்ற ஒற்றைச் சொல்லுக்குத் தமிழில் 'அழி' போதும். ழகரத்தைப் பிடித்து நிறுத்த முடிகிறது, நிறுத்திய நேரம் முழுக்க 60 வெட்டும் காதில் விழுகிறது.

மீதி இருப்பது மைக்கை எங்கே வைப்பது என்பது. வாயிலிருந்து மூன்று விரல் தள்ளி, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி, நடுவே ஃபோம் வைத்தால் வால்யூமின் முக்கால் பங்குவரை ஊளையிடாமல் இருக்கிறது. முழு வால்யூமுக்கு ஸ்பீக்கரைக் கூட்டின் வெளிப்பக்கம் நகர்த்த வேண்டும், அந்தத் துளையை இனிதான் வெட்ட வேண்டும்.