துடுப்பைத் தொடாமல் திரும்பணும்: சுண்ணாம்பாற்றில் 13 மாதம்

புதுச்சேரி நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பழக்க தோஷம், பாய்ப்படகு பழகப் போன முதல் நாளே ஒரு நீட்டு நோட்டு வாங்கிக் கோடு போட்டுவிட்டேன். தேதி, காற்று, கூட வந்தவர், கவிழ்ந்தது எத்தனை முறை. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு "திரும்பியது எப்படி".

2024 பிப்ரவரியிலிருந்து 2025 மார்ச் வரை 34 நாள் தண்ணீரில் இறங்கியிருக்கிறேன். சுண்ணாம்பாற்று முகத்துவாரத்து மணல்திட்டு வரை போய், துடுப்பைத் தொடாமல் பாயிலேயே திரும்புவதுதான் குறி; போனது 11 முறை. அந்தப் பதினொன்றில் துடுப்புப் போட்டுத் திரும்பியது 5, மோட்டார் படகு இழுத்து வந்தது 4, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி மாடு ஓட்டுவதுபோல் படகைத் தள்ளிக்கொண்டு நடந்தது 1. பாக்கி ஒன்று இன்னும் வழக்கில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கிளப் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோமே தவிர பெயர்ப்பலகை எல்லாம் கிடையாது. நோணாங்குப்பத்தில் கடலூர் ரோட்டுப் பாலத்துக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்பு. ஏன் கிழக்கே என்றால், பாய்மரம் பாலத்துக்கு அடியில் நுழையாது. தோப்புக்காரருக்குப் படகில் ஏறவே பயம், ஆனால் கீற்றுக்கொட்டகை போட்டுக்கொள்ள இடம் கொடுத்தார். ஆள் பதினாலு பேர். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார்தான் குரு. இரண்டு இன்ஜினியரிங் மாணவிகள், ஒரு நர்ஸ் அக்கா, ஆரோவில்லில் இருந்து ஒரு தம்பதி, அப்புறம் வீராம்பட்டினத்து மீனவர் அண்ணன் ஒருவர். அவருடைய சின்ன ஃபைபர் படகுதான் எங்களுக்கு ஆம்புலன்ஸ்.

படகு ஐந்து. பிள்ளைகளுக்கு மூன்று ஆப்டிமிஸ்ட், குளியல்தொட்டி மாதிரி இருக்கும், 2.3 மீட்டர் நீளம், ஒரே பாய். லேசர் என்ற ஒற்றை ஆள் படகு ஒன்று. அப்புறம் என் தலையில் கட்டப்பட்ட எண்டர்பிரைஸ். இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட் என்பவர் 1956-ல் வரைந்த இரண்டு பேர் படகு, நாலு மீட்டர் நீளம், பாய் நீல நிறம். எங்களுடையது பிளைவுட். பாயின் நீலம் வெளுத்துப் பள்ளிச் சட்டை நிறத்துக்கு வந்திருந்தது. வெறும் உடம்பே 90 கிலோவுக்கு மேல், அதில் ஈரம் குடித்த எடை எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

<b>பிப்ரவரி, மார்ச்</b>

பனி விலகி வெயில் ஏறாத இந்த இரண்டு மாதம்தான் புதிதாக வருகிறவர்களுக்கு. வாடை ஓய்ந்திருக்கும், கடல்காற்று உச்சிக்கு மேல்தான் வரும், அதுவும் செல்லமாக. முதல் மூன்று ஞாயிறும் சார் என்னைத் தண்ணீரில் விடவில்லை. தரையில் படகை வைத்து உட்காரச் சொல்லி, "கணக்கு, காத்து எங்கிருந்து வருது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் பெயர் அவருக்கு இன்றுவரை கணக்குதான்.

பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளில் பழைய கேசட் நாடாவைச் சாண் நீளம் வெட்டிக் கட்டியிருப்போம். துளிக் காற்றுக்கும் அது ஆடும். எந்தப் பாட்டு அதில் இருந்ததோ தெரியாது. அந்த நாடாவைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கியதுதான் மார்ச் மாத முன்னேற்றம்.

சொல்லிக்கொடுத்த முதல் விதி: காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்ப்படகும் போகாது. ஏறத்தாழ 45 பாகை விலகி ஒரு பக்கம் போய், திருப்பி, மறுபக்கம் போய், இப்படி வெட்டி வெட்டித்தான் மேலேற முடியும். கடலில் இது சுகம். எங்கள் ஆறு அகலம் குறைவு. திருப்பி மூச்சு விடுவதற்குள் எதிர்க்கரைப் புதர் மூஞ்சிக்கு நேரே வந்து நிற்கும்.

இரண்டாவது விதி மாணவிகளுக்கு மனப்பாடம், எனக்கு இன்னும் தடுமாறும்: வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு இடப்பக்கத்திலிருந்து வாங்குகிறவர் வழிவிட வேண்டும். கடலூர் ரோட்டில் வண்டி ஓட்டிப் பழகியவனுக்கு, யாராவது வழிவிட வேண்டும் என்பதே புதுச் செய்தி.

<b>தடைக்காலம்</b>

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அண்ணனுக்கு அது வருமானம் விழும் காலம், எங்களுக்கு அவர் முழுசாகக் கிடைக்கும் காலம். இதைச் சந்தோஷமாக எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது. கொட்டகை நிழலில் உட்கார்ந்து வலை பொத்தியபடியே எங்களைக் கவனிப்பார். படகின் முன்முனையை அணியம் என்பார், பின்பக்கம் அமரம், பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். சார் ஆங்கிலத்தில் கத்துவதை அண்ணன் தமிழில் திருப்பிக் கத்துவார். எனக்குத் தமிழில் கத்தினால்தான் கை வேலை செய்கிறது.

நல்ல மீன் கிடைக்காத மாதம் என்பதால் ஞாயிறு சாப்பாடு நெத்திலிக் கருவாடு, பழைய சோறு, சின்ன வெங்காயம். நர்ஸ் அக்கா கொண்டுவரும் மாங்காய்த் தொக்கு தனி. தண்ணீரில் ஒரு மணி நேரம், சாப்பாட்டில் இரண்டு மணி நேரம் என்று ஒருநாள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆரோவில் தம்பதி பகெட் ரொட்டி கொண்டுவந்து கருவாட்டோடு சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். மோசமில்லை.

முதல் முறை முகத்துவாரம் போனது மே மாதம். காலை ஏழு மணி, மேற்கிலிருந்து கச்சான், முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் அரை மணியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்படி ஒரு கர்வம். திரும்பும்போது அதே காற்று எதிரில் நின்றது. வெட்டி வெட்டி ஏறினோம், ஏறினோம், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கரையில் அதே சாய்ந்த பனைமரம். கூட வந்த மாணவி, "அண்ணா, இந்த மரமும் நம்மகூடவே வருது போல" என்றாள். நோட்டில்: இழுவை.

<b>ஆடி</b>

காற்றுக்காக ஏங்கியவர்களுக்குக் காற்று என்றால் என்ன என்று காட்டும் மாதம். காலையெல்லாம் வறண்ட மேல்காற்று, இரண்டு மணிக்கு அது சட்டென்று செத்து, கடல்காற்று தென்கிழக்கிலிருந்து எழும். அந்த இடைவெளியில் பாய் ஈரத்துணி மாதிரி தொங்கும். அடுத்த நிமிடம் எந்தப் பக்கம் அறையும் என்று தெரியாது.

அறைந்தது. மணல்திட்டிலிருந்து திரும்பும் வழியில், காற்று பின்னால் இருக்கும்போது பாயை மறுபக்கம் மாற்றினேன். மாற்றினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, அதுவே மாறியது. பாயின் கீழ்க்கட்டை என் தலைக்கு மேல் ஒரு விரல்கடை தூரத்தில் பறந்து போய் மறுபுறம் இடித்ததும் படகு சாய்ந்தது. பக்கவாட்டில் சாய்ந்த படகை நிமிர்த்தப் பழகியிருக்கிறோம்: அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் எழுந்துவிடும். ஆனால் நாங்கள் பலகையைத் தேடுவதற்குள் அது முழுசாகத் தலைகீழாகிவிட்டது. ஆறோ ஆழமில்லை. பாய்மரத்தின் நுனி போய்ச் சேற்றில் குத்தி நின்றது. மேலே ஆமை முதுகு மாதிரி படகின் அடிப்பாகம், அதன் மேல் நானும் நர்ஸ் அக்காவும். பக்கத்தில் சுற்றுலாப் படகில் பாரடைஸ் பீச்சுக்குப் போகிறவர்கள் முப்பது பேர், முப்பது செல்போன்.

அண்ணன் வந்து கயிறு போட்டு இழுப்பார் என்று பார்த்தேன். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்தார். "இஸ்த்தா மரம் ஒடிஞ்சிடும் தம்பி. ரெண்டு பேரும் ஒரே ஓரமா நில்லுங்க, ஆட்டுங்க, பொறுமையா." பல் பிடுங்குவதற்கு முன் ஆட்டுவதுபோல் இருபது நிமிடம் ஆட்டினோம். சேறு ஒரு சத்தத்தோடு விட்டது. அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது, வீட்டில் குழந்தைகளுக்கு நடித்துக் காட்டியிருக்கிறேன். மறுவாரமே மரத்தின் உச்சியில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை மூடி இறுக்கிக் கட்டிவிட்டோம். சாய்ந்தாலும் கேன் மிதக்கும், படகு தலைகீழாகாது. பார்க்க அசிங்கம்தான்.

அன்று சாயந்திரம்தான் அண்ணன் சொன்னார்: "இன்னா தம்பி, எப்பப் பாத்தாலும் நாடாவையே பாத்துக்கினு கீற. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு ஒரு வாட்டியாச்சும் பாத்தியா?"

பார்த்ததே இல்லை. ஆறு என்றால் கடலுக்கு ஓடும் என்றுதான் நினைத்திருந்தேன். சங்கராபரணி இரண்டாகப் பிரிந்து ஒன்று அரியாங்குப்பத்து ஆறாகவும் ஒன்று சுண்ணாம்பாறாகவும் கடலுக்கு வருகிறது. கோடையில் மேலிருந்து வரும் தண்ணீர் சொற்பம். முகத்துவாரத்தை ஒட்டி ஓடுவதெல்லாம் கடலின் ஏற்ற வற்றம்தான். நம் கரையில் அந்த உயர வித்தியாசம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. ஆனால் குறுகலான ஆற்றில் அது போதும், ஒரு சோம்பேறிப் படகைப் பின்னுக்குத் தள்ள. நான் ஒவ்வொரு முறையும் வற்றத்தை எதிர்த்துத் திரும்பியிருக்கிறேன், அந்தப் பனைமரம் நகராததன் ரகசியம் அதுதான்.

"ஏத்தம் நாளுக்கு முக்கால் மணி, அம்பது நிமிசம் தள்ளித் தள்ளிப் போவும். நீதான் கணக்கு எழுதறவனாச்சே" என்றார். நோட்டில் ஒரு கட்டம் கூடியது: தண்ணீர்.

ஆடி ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். கவர்னர் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்து வருகிற வழக்கம். அந்த வாரம் படகுமில்லை ஒன்றுமில்லை. அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு.

<b>ஆயுத பூஜை முதல் பொங்கல் வரை</b>

எங்கள் வருடக் கணக்கு ஆயுத பூஜையோடு முடிகிறது. ஐந்து படகுக்கும் சந்தனம், குங்குமம், சுக்கானில் செவ்வந்திச் சரம், வாசலில் பூசணிக்காய். பூஜை முடிந்ததும் பாயை உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துச் சுருட்டி, படகுகளைக் கவிழ்த்து, மூங்கில் முளை அடித்துக் கட்டிவிடுவோம். அதற்குப் பிறகு மழை.

மழை மாதத்தில் பழுது பார்க்கலாம் என்பது நல்ல யோசனை மாதிரி தோன்றும். எண்டர்பிரைஸின் பின்பலகை உளுத்திருந்ததை வெட்டிப் புதுப் பிளைவுட் வைத்து எபாக்சி பிசின் பூசினேன். காற்றில் ஈரம் அப்பிக்கிடந்தது. மறுநாள் தொட்டால் பாகுபதம், மூன்றாம் நாள் மேலே மெழுகு மாதிரி பிசுபிசுப்பு. சுரண்டி, சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெயில் வந்த இரண்டு நாள் பார்த்து மறுபடி பூச வேண்டியதாயிற்று. செலவு 4,200 ரூபாய். அதில் பாதி என் அவசரத்துக்கு.

நவம்பர் 30 ஃபெஞ்சல். புயல் எங்கள் பக்கத்திலேயே கரையேறியது, ஒரு நாளில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டரையும் தாண்டிய மழை. வீடூர் அணையும் திறந்து சங்கராபரணி பெருகியது. தென்பெண்ணையில் சாத்தனூர்த் தண்ணீர் வந்து பாகூர்ப் பக்கம் ஏரியாகக் கிடந்தது. மாணவிகளில் ஒருத்தியின் வீடு அந்தப் பக்கம்தான். முதல் நான்கு நாள் படகைப் பற்றி யாரும் பேசவே இல்லை, குரூப்பில் வந்ததெல்லாம் பால், மெழுகுவத்தி, பாய் தலையணை. ஐந்தாம் நாள் தோப்புக்குப் போனோம். கொட்டகை இல்லை. எண்டர்பிரைஸை அடுத்து ஒரு முழ இடைவெளியில் தென்னை விழுந்திருந்தது. ஆப்டிமிஸ்டில் ஒன்று காணோம். டிசம்பர் பாதியில் அண்ணன் அதை அலையாத்திப் புதருக்குள் கண்டுபிடித்தார், உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பத்திரமாக உட்கார்ந்திருந்தது. யாருடையது என்று தெரியவில்லை. இப்போது சார் அதில்தான் உட்காருகிறார்.

பொங்கலுக்குக் கொட்டகை மறுபடி எழுந்தது.

<b>மார்ச் 9, 2025</b>

மாசி மகத்துக்கு முந்தைய ஞாயிறு. வைத்திக்குப்பத்தில் மயிலம் முருகனையும் மற்ற சாமிகளையும் வரவேற்கப் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்த நேரம். என் நோட்டின்படி அன்று காலை வற்றம், பதினொன்றுக்கு மேல் ஏற்றம். அண்ணனிடம் காட்டினேன். வானத்தைப் பார்த்தார், ஆற்றில் ஒரு தென்னம்பாளையைப் போட்டுப் பார்த்தார், "செரிதான்" என்றார். பேங்க் ஆடிட்டில் பாஸானபோதுகூட இப்படி இருந்ததில்லை.

எட்டரைக்குக் கிளம்பினோம், நானும் பாகூர் மாணவியும். காற்று பெயருக்குத்தான். பாய் அரைகுறையாக நிரம்ப, தண்ணீர் கொண்டுபோனது. மணல்திட்டில் படகை ஏற்றிவிட்டு, கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டுக் காத்திருந்தோம். முன்பெல்லாம் போனதும் திரும்பத் துடிப்பேன். இந்த முறை ஒரு குச்சியை மணலில் நட்டுவைத்தேன். பதினொன்றே காலுக்குக் குச்சியின் அடியில் தண்ணீர் தொட்டது. கொஞ்ச நேரத்தில் கிழக்கே கடல் கறுத்து வந்தது. நாடா நிமிர்ந்தது.

திரும்பிய வழியில் எழுத ஒன்றுமில்லை. பனைமரம் பின்னால் போனது, அவ்வளவுதான். அவள் தாமானைப் பிடித்தபடி பாடிக்கொண்டு வந்தாள்.

எங்கள் துறைக்கு ஐம்பதடி இருக்கும்போது தோப்பின் மறைவில் காற்று அறுந்துபோனது. படகு மெதுவாக நின்று, அப்படியே தள்ளாடியது. கரையில் பன்னிரண்டு பேர் வேடிக்கை. துடுப்பு காலடியில் கிடக்கிறது. நான் அதைத் தொடவில்லை. குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் தள்ளினேன், அவள் மறுபக்கம் தள்ளினாள், வளையல் நனைய.

அண்ணன் பாஸ் என்கிறார். மாணவிகளும் அப்படியே. சார் மட்டும் நாற்காலியை விட்டு எழாமல் நோட்டைக் கேட்டு வாங்கி, "திரும்பியது எப்படி" கட்டத்தில் சிவப்பு மையில் "கை" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக் கொடுத்தார். அடுத்த ஏற்றம் தோதாக வரும் ஞாயிறு 23-ஆம் தேதி.