எட்டா, மூன்றா

"சார், அழுத்தம் உச்சத்துக்கு ஏற எடுக்கிற இந்த எட்டு மில்லி செகண்ட் சராசரிதானே? கூரான அடியெல்லாம் மூணுல ஏறுதே." டீமில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண் கேட்டாள். ரிப்போர்ட் அன்று சாயங்காலமே போயாக வேண்டும். "அதோட ஏரியா சின்னதும்மா, விடு" என்றேன். அவள் விட்டுவிட்டாள். என்னால்தான் விட முடியவில்லை.

கப்பலின் மெம்ப்ரேன் டேங்க் என்பது மெல்லிய உலோகத் தகட்டுக்குப் பின்னால் ஃபோம் பேனல் வைத்த தொட்டி. அதன் மேல் மூலையில் எல்என்ஜி, அதாவது குளிர வைத்துத் திரவமாக்கிய இயற்கை வாயு, வந்து அறையும்போது அழுத்தம் எவ்வளவு என்பது பாதிக் கதைதான், எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதுதான் மீதி. எங்கள் கணக்கு மாடலில் ஃபோம் பேனலின் அதிர்வுக் காலம் 6 மில்லி செகண்ட். 8-ல் ஏறி 8-ல் இறங்கும் முக்கோணத் துடிப்பைக் கொடுத்தால், அதே அழுத்தம் அசையாமல் நிற்கும்போது வருவதைப் போல 1.1 மடங்கு வளைகிறது. 3-ல் ஏறி 3-ல் இறங்கினால் 1.5 மடங்கு. எட்டில் ஏறினால், அனுமதித்த அளவில் 80 சதவீதம் வந்திருந்தது. மூன்றுக்கு 109. கேட்க வருவதற்கு முன்பே அவள் அந்த 109-ஐ நோட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதி வட்டம் போட்டு வைத்திருந்தாள். நானும் பார்த்தேன்.

நான் சொன்னது பொய்யில்லை. கூரான உச்சம் ஒரு சென்சாரில் தெரியும், பக்கத்து சென்சாரில் பாதிகூட இருக்காது, முழு பேனலுக்கும் சராசரி எடுத்தால் குறையத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு குறையும் என்று அன்று போட்டுப் பார்க்கவில்லை. அரை மணி நேர வேலை.

அப்புறம், அந்த எட்டு மட்டும் என்ன அவ்வளவு உறுதியானதா? நிஜ டேங்கை 1:40 அளவுக்குச் சின்னதாக்கிச் செய்த சோதனை டேங்கில் அளந்த நேரத்தை 40-இன் வர்க்கமூலத்தால், அதாவது 6.3-ஆல் பெருக்கி வந்தது. அலை புரள்வதற்கு அந்தப் பெருக்கல் சரி. அலைக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கி நசுங்கும் வாயுவுக்குச் சரியில்லை. மைனஸ் 162 டிகிரியில் கொதிநிலையிலேயே நிற்கும் திரவத்தின் ஆவி அந்த அழுத்தத்தில் திரும்பத் திரவமாகிறதே, அதற்கும் சரியில்லை. மூன்றும் அதே பெருக்கலில் வந்ததுதான். அதனால் எட்டை எடுத்தது தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், சொல்லும்போதே அது மூன்றை ஒதுக்கக் காரணமாகாது என்றும் தெரிகிறது.

திங்கட்கிழமை உட்கார்ந்து ஏரியா சராசரி போட்டேன். மூன்றுக்கே 94 வந்தது. அன்று நிம்மதியாக இருந்தது. ஆனால் எத்தனை சென்சாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்தது நான், 100-க்குக் கீழே வர வேண்டும் என்று தெரிந்துகொண்டே உட்கார்ந்தவன். ஒரு வரிசையைக் குறைத்தால் 100-ஐத் தாண்டியிருக்கும்.

94 என்று அவளிடம் சொன்னேன். "சரி சார்" என்றாள், எத்தனை சென்சார் என்று கேட்கவில்லை. வழக்கமாக அதைத்தான் முதலில் கேட்பாள். ரிப்போர்ட்டில் 'சராசரி ஏறு நேரம் எடுக்கப்பட்டது' என்ற ஒரு வரி அப்படியே இருக்கிறது. 94-ஐ நான் அதில் சேர்க்கவில்லை, 109-ஐயும்தான்.